கரடிக்கு அனுப்பிய பாசி

ஜூன் 6

அன்புள்ள கரடி டாக்டருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் என் இடது முழங்காலும்தான்; அவற்றுள் முழங்காலைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்கில்லை. நீ நலமா? தொலைபேசியிலேயே விசாரித்திருப்பேன். ஆனால் போன முறை நான் பேசப் பேச நீ எல்லாவற்றுக்கும் "ஆமாம் அண்ணி" என்றாய். உன் அண்ணனுக்கு நான் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து நீ என்னை ஆமோதித்ததே இல்லையாதலால், உனக்கு ஒன்றுமே காதில் விழவில்லை என்று புரிந்துகொண்டேன். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்ற பிறகும் நான் போய் உலர்பாசி உறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேனே, அந்த அருங்காட்சியகத்துக்குப் புதிய இயக்குநர் வந்திருக்கிறார். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையில் தேடுகிற ரகம். மலைவாழ் உயிர்களுக்கென்று ஒரு கூடம் அமைக்கிறாராம். அதில் ஒரு முழுச் சுவரில் கரடி இனம் ஒன்றையும் பாசி இனம் ஒன்றையும் ஒப்பிட வேண்டுமாம். "புலியும் மானும்னா எல்லாருக்கும் தெரியும் மேடம். கரடியும் பாசியும்னா ஜனங்க நின்னு பார்ப்பாங்க" என்றார். நின்று பார்த்துவிட்டுக் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள் என்றேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கரடிக்கு, நெஞ்சில் வெள்ளைப் பிறை போட்ட உன் கருங்கரடி. பாசிக்கு என் படிப்பாசி. குளத்து வழுக்கலையும் இதையும் ஒரே சொல்லால் குறித்துத் தொலைக்கிறோமாதலால், இது காட்டுத் தரையில் கம்பளம்போல் விரிகிற பச்சை, வருடத்துக்கு ஒரு படியாக மேலே எழும்புகிற செடி என்று முதல் வரியிலேயே நான் விளக்கியாக வேண்டும். உன் பாகத்தை நீ எழுது. என்ன தின்கிறது, குட்டியை எப்படி வளர்க்கிறது, குளிரை எப்படிக் கடக்கிறது, இவ்வளவு போதும். உருக்கம் வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


ஜூன் 25

பிரியமுள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் சுகம், கிழவியும் சுகம். உங்கள் முழங்காலைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

கரடியையும் பாசியையும் ஒப்பிடச் சொன்னவர் நம் குடும்பத்தைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வந்திருப்பார் போலிருக்கிறது. அண்ணன் இருந்தால் இந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பான். "ஒருத்தி வருஷம் முழுக்கத் தின்னுட்டு உறுமறா, இன்னொருத்தி ஈரமே இல்லாம உக்காந்திருக்கா" என்று நம்மைப் பற்றிச் சொல்வானே, ஞாபகம் இருக்கிறதா?

எழுதித் தருகிறேன். பதிலுக்கு எனக்கு ஒன்று வேண்டும்.

கிழவியை நீங்கள் பார்த்ததில்லை. சர்க்கஸிலிருந்து மீட்டு எங்கள் கரடிக் காப்பகத்துக்குக் கொண்டுவந்த பெண் கரடி. என்னைவிட மூத்தவள் மாதிரி நடப்பாள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தன் குகையின் சிமெண்டுத் தரையை நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருப்பாள். வைக்கோல் போட்டால் தும்மிவிட்டு வெளியே தள்ளிவிடுவாள். போன வருடம் சரிவில் ஒரு காட்டுக் கரடியின் காலியான குகைக்குள் தவழ்ந்துபோய்ப் பார்த்தேன். (திட்டாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை.) உள்ளே முழுக்கப் பாசிப் படுக்கை. பிடுங்கிப் பிடுங்கிச் சேர்த்து நடுவில் கிண்ணம்போல் அழுத்தி வைத்திருந்தது. கிழவி தேடுவது அதைத்தான். நாங்கள் இருப்பதோ காப்புக்காடு; ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. உங்கள் வீட்டுப் பின்புறம் அண்ணன் கட்டிய நிழல் சரிவில் படிப்பாசி அடர்ந்து கிடக்கிறதே. அதிலிருந்து ஒரு கோணிப்பை கொடுங்கள்.

தபாலில் வேண்டாம். நீங்களே கொண்டுவாருங்கள். என் வீட்டில் இரண்டாவது அறை சும்மாதான் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பாறை, பாறை நிறைய உங்கள் ஆட்கள். முழங்காலுக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
கரடி


ஜூலை 9

அன்புள்ள கரடி டாக்டருக்கு,

நலம். நீயும் அவ்வாறே இருப்பாயாக. குகைக்குள் தவழ்ந்தது பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் பதிவுத் தபாலில்தான் அனுப்ப நேரும்.

பாசி கிடையாது. காரணத்தைச் சொல்கிறேன், ஏனெனில் இதுவே சுவருக்கும் பயன்படும். படிப்பாசி போன வருடத்துப் படியின் நடுமுதுகிலிருந்து இந்த வருடத்துப் படியை எடுக்கிறது. கீழ்ப்படிகள் மக்கி மண்ணாக, மேல்படிகள் மட்டும் எண்ணக் கிடைக்கும். பின்புறச் சரிவை உன் அண்ணன் கட்டி, குழாயில் ஊசித்துளை போட்டு, சொட்டு எங்கே விழ வேண்டும் என்று என்னோடு சண்டை பிடித்து வளர்த்தது. அவர் போன பிறகும் அது மூன்று படி ஏறியிருக்கிறது. ஒரு கரடி புரண்டு படுப்பதற்காக அதைப் பிடுங்குவது எனக்கு உடன்பாடில்லை. உன் கிழவிக்குப் பழைய கம்பளி ஏதாவது கொடுத்துப் பார்.

ஒப்பீட்டில் என் பக்கத்தை இவ்வாறு தொடங்கியிருக்கிறேன்: பாசிக்கு வேர் கிடையாது. தண்ணீரை உடம்பு முழுவதாலும் குடிக்கும். தண்ணீர் நின்றால் வாடாது, கெஞ்சாது. உலர்ந்து சுருண்டு, இருக்கிற இடத்தில் நின்றுவிடும். தூறல் விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். யாருடைய துணையும் தேவையில்லை. இதற்கு எதிரே உன் கரடி என்ன செய்கிறது என்று எழுது, நியாயமாகத் தோற்கடிக்கிறேன்.

அறைக்கு நன்றி. இயக்குநர் இப்போது நகர விடமாட்டார். பிறகு பார்ப்போம். மலைக்காற்றில் தலையை மூடிக்கொள்.

அண்ணி


ஆகஸ்ட் 11

பிரியமுள்ள அண்ணிக்கு,

வணக்கம். சுகம். பதில் தாமதமாகிவிட்டது. கோபமில்லை, கொஞ்சம் வேலை.

கரடியின் பக்கம் இதோ. கோடையிலும் இலையுதிரிலும் பழம், கொட்டை, எறும்பு, தேன் என்று கண்டதையெல்லாம் தின்று கொழுப்புச் சேர்க்கும். குளிரில் குகைக்குள் போனால் மாதக்கணக்கில் தின்பதில்லை, குடிப்பதில்லை, சிறுநீர்கூடக் கழிப்பதில்லை. இதயம் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அடிக்கும். பார்த்தால் பாசி மாதிரி நின்றுவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் நிற்கவில்லை, அண்ணி. உள்ளே செலவாகிக்கொண்டே இருக்கிறது. வெளியே வரும்போது பாதிக் கரடிதான் வரும். வசந்தம் பிந்தினால் அதுவும் வராது. தோற்கடித்துக்கொள்ளுங்கள்.

வேலை என்றேனே, அது என்னவென்றால், போன மாதம் கிழவியின் கூண்டுக் கூடத்தில் தண்ணீர்த் தொட்டி அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். உள்கதவின் கொண்டி சரியாக விழவில்லை. அவள் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். வெளியே நின்ற சமையல்காரர் தொண்டை கிழியக் கத்தினாராம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிடரியில் சூடாக மூச்சுப் பட்டதும்தான் திரும்பினேன். அவளுக்கு வேண்டியது என் பையிலிருந்த பேரிக்காய். எடுத்துக்கொண்டு மரியாதையாகப் போய்விட்டாள்.

சமையல்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிர்வாகி நேரில் வந்து, எனக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து சொன்னார்: "டாக்டரம்மா, பனியில ரோடு மூடறதுக்குள்ள இந்த வீட்டுல காது கேக்கற ஆள் ஒருத்தர் இருந்தாகணும். சொந்தக்காரங்க யாராவது வந்தா வீடு உங்களுக்கே. இல்லேன்னா நான் மேல எழுதறதைத் தவிர வழியில்லை." நாய் ஒன்று வளர்த்தால் ஆகுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. காதில் கருவி வைத்துப் பார்த்தாயிற்று. தட்டு விழுவதும் இடி இடிப்பதும் ஒன்றாகத்தான் கேட்கிறது.

இரண்டாவது அறைக்கு வெள்ளையடித்திருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி?

கரடி


ஆகஸ்ட் 27

அன்புள்ள கரடி டாக்டருக்கு,

முழங்கால் தன் வேலையைச் செய்கிறது, அதாவது ஒன்றும் செய்வதில்லை. மற்றபடி நலம். பிடரியில் மூச்சுப்பட்ட கதையை நான் இருமுறை படித்தேன். பேரிக்காயைப் பையில் வைத்துக்கொண்டு கரடிக் கூடத்துக்குள் போகிற மருத்துவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

நாய் நல்ல யோசனை. நிர்வாகி சிரிக்காததற்குக் காரணம் அவர் நிர்வாகி என்பதே. நடுத்தர வயதுள்ள பெண்நாயாகப் பார். குட்டி வேண்டாம், செருப்பைத் தின்னும். மணிச்சத்தம் கேட்டால் வந்து காலைத் தொடும்படி பழக்கலாம் என்று இங்கே விலங்கியல் பிரிவில் இருப்பவர் சொல்கிறார். அவர் எழுதிக் கொடுத்த பழக்குமுறையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கொழுப்பைப் பற்றி நீ எழுதியது சுவருக்கு நன்றாகப் பொருந்தும். இப்படி எழுதினேன்: "கரடி தான் சேர்த்ததைச் செலவிட்டுக் குளிரைக் கடக்கிறது. பாசி எதையும் சேர்ப்பதில்லை; ஆகவே அதற்குத் தீர்ந்துபோவதற்கும் ஒன்றுமில்லை. பாசிக்குக் காத்திருக்கத் தெரியும்." இயக்குநர் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போட வேண்டுமென்று துள்ளினார். வெற்றி என் கட்சிக்கே என்பதை ஒப்புக்கொள்.

அறைக்கு வெள்ளையடித்ததற்கு மகிழ்ச்சி. சுவர் பிழைத்தது. கூடம் திறந்து, குளிரும் போய், பாதை விட்டபின் வசந்தத்தில் சாவகாசமாக வருகிறேன். எங்கே போய்விடப் போகிறது மலை? காதுக்கு எண்ணெய் விடாதே, யார் சொன்னாலும்.

அண்ணி


செப்டம்பர் 20

பிரியமுள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாய்ப் பயிற்சிக் குறிப்புக்கு நன்றி. சமையல்காரரிடம் காட்டினேன். கரடிக்கூட்டத்துக்கு நடுவே நாயைக் கொண்டுவந்தால் முதலில் பைத்தியம் பிடிப்பது நாய்க்குத்தான் என்றார். சரிதானே.

சுவருக்கு இன்னொன்று சொல்கிறேன், உங்கள் பெரிய எழுத்து வரிக்குப் பக்கத்தில் வைக்கலாம். கரடிக்கும் காத்திருக்கத் தெரியும். கோடையில் கருத்தரிக்கும். ஆனால் கரு உடனே வளராது; கர்ப்பப்பையில் ஒட்டாமல் சும்மா மிதந்துகொண்டிருக்கும். இலையுதிர் முடிவில் உடம்பு ஒருமுறை பார்த்துக்கொள்ளும். போதுமான கொழுப்பு சேர்ந்திருந்தால் கரு ஒட்டும், குகையில் குட்டி பிறக்கும். சேரவில்லையென்றால் கரைந்துவிடும். சத்தமில்லாமல், வலியில்லாமல். இப்படி ஒன்று நடந்ததென்று தாய்க்கே தெரியுமோ என்னவோ. அதனால் அது காத்திருப்பதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. பாசிக்கு அது இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன். உயரமான கட்டில், முழங்காலை மடக்க வேண்டியதில்லை.

நவம்பர் பாதியில் பாதையை மூடிவிடுவார்கள். கிழவி பிறாண்டத் தொடங்கிவிட்டாள். ஒரே ஒரு கோணிப்பை, அண்ணி. உங்கள் கையாலேயே கொண்டுவந்து போட்டால் எனக்கு நிம்மதி. இனி இதைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரடி


அக்டோபர் 18

அன்புள்ள கரடி டாக்டருக்கு,

நலம், நலமே நாடுகிறேன். நீ வென்றாய். இதை எழுதுவதற்குள் மூன்று பேனாக்களாவது தற்கொலை செய்துகொண்டிருக்கும்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு மாலை பின்புறச் சரிவுக்குப் போனேன். உட்கார்ந்து எழ முடியாதென்பதால் உன் அண்ணனின் உயரமான முக்காலியை வைத்துக்கொண்டு, தோசைக் கரண்டியால் இடதுபக்கச் சரிவு முழுவதையும் பெயர்த்தெடுத்தேன். அவர் சொட்டுக் குழாய் அங்கேதான் தொடங்குகிறது. எடுத்த இடம் மொட்டையடித்த தலைபோல் இருக்கிறது. ஒருவரிடமும் சொல்லாதே, நடுவில் இரண்டு முறை எழுந்து உள்ளே போய்த் திரும்பி வந்தேன், கரண்டியைத் துடைப்பதற்காக.

வெயில் படாமல் நிழலில் மெல்ல உலர்த்தினேன். வேகமாக உலர்த்தினால் மீளாது. பிறகு செய்தித்தாளில் மடித்து உறையுறையாகக் கட்டி, வழக்கம்போல் ஒவ்வோர் உறையிலும் எடுத்த இடம், எடுத்த நாள், இனம் எல்லாம் எழுதி ஒட்டினேன். பெறுபவர் என்ற இடத்தில் 'கிழவி' என்று போட்டிருக்கிறேன். தபால்காரர் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே அம்மா" என்றார்.

இந்தச் செடியின் பெருமையே இதுதான். கூடவே யாரும் வர வேண்டியதில்லை. தபாலில் எத்தனை வாரம் கிடந்தாலும் பாதகமில்லை. அகலமான தட்டுகளில் பரப்பி, மழைநீரைத் தெளி. கண்ணெதிரில் பச்சையாகும். நான் வந்து நின்றாலும் இதற்குமேல் ஒன்றும் செய்யப்போவதில்லை.

கூடத்தைத் திறக்கும் நாள் நெருங்குகிறது. வசந்தத்தில் பார்ப்போம். கட்டிலுக்கு ஒரு விரிப்புப் போட்டு மூடி வை, தூசி படியும்.

அண்ணி


நவம்பர் 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். தங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன்.

பொட்டலம் பத்திரமாக வந்து சேர்ந்தது. தாங்கள் எழுதியபடியே தட்டுகளில் பரப்பி மழைநீர் தெளித்தேன். தாங்கள் சொன்னதுபோலவே கண்ணெதிரில் விரிந்து பச்சையாயிற்று. சமையல்காரர் அதிசயப்பட்டு இரண்டு முறை என்னை இழுத்துப்போய்க் காட்டினார். கிழவியின் கூடத்தில் வைத்தோம். முகர்ந்து பார்த்தாள். வாயால் கவ்வி ஒவ்வொரு பிடியாகக் குகைக்குள் கொண்டுபோனாள். ஒரு துணுக்கையும் வெளியே விடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து வெளியே வரவில்லை.

தாங்கள் சொன்னது சரி. பாசியோடு யாரும் வர வேண்டியதில்லை.

அண்ணன் கட்டிய சரிவில் கைவைக்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன். சுவர் நல்லபடியாகத் திறக்கப்பட வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்


டிசம்பர் 4

அன்புள்ள கரடி டாக்டருக்கு,

நலம். உன் கடிதத்தில் 'தாங்கள்' என்ற சொல்லை எண்ணினேன். எண்ணிக்கையை உன்னிடம் சொல்வதாக இல்லை. இதுவரை நீ என்னை 'தாங்கள்' என்று அழைத்தது ஒரே ஒரு முறை, நான் உன் அண்ணனை மணந்துகொண்டு உள்ளே நுழைந்த அன்று. அடுத்த நாளே 'நீங்க' ஆகிவிட்டது. உடம்புக்கு ஏதும் சரியில்லையா?

கூடம் திறந்தாயிற்று. எதிரெதிரே உன் கரடியும் என் பாசியும். கரடி மிகப் பெரியது. பாசி, கண்ணாடிக்குள் உள்ளங்கையளவு. ஒரு தாய் தன் மகளிடம், "கரடி தூங்கும், பாசி முழிச்சிருக்கும்" என்று விளக்கிக்கொண்டு போனாள். திருத்தலாமென்று வாயெடுத்தேன். விட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய்.

பதில் போடு. வீட்டில் துணைக்கு யாரை வைத்தாய்?

அண்ணி


ஜனவரி 16

அன்புள்ள கரடிக்கு,

நான் நலம். நீ நலமா என்பதற்கு இன்னும் பதிலில்லை. பாதை மூடியிருப்பதால் தபால் வராது என்று தெரியும். தெரிந்தும் தினமும் பெட்டியைத் திறந்து பார்ப்பது ஒரு படித்த பெண் செய்கிற காரியமல்ல.

பெயர்த்தெடுத்த இடத்தில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது. நிறுத்தவில்லை.

அண்ணி


மார்ச் 22

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

நான் கரடிக் காப்பகத்தில் சமையல் வேலை செய்கிறவன். தாங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாதை திறந்தவுடன் தங்கள் கடிதங்கள் இரண்டும் ஒன்றாக வந்தன. டாக்டரம்மா இங்கே இல்லை. நவம்பரில், பாதை மூடுவதற்கு முன் போன கடைசி வண்டியில் போய்விட்டார்கள். வீட்டில் துணைக்கு ஆள் இல்லாததால் இருக்க அனுமதி கிடைக்கவில்லை. கடற்கரைப் பக்கம் முதியோர் விடுதி ஒன்றில் இருக்கிறார்கள். விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். கடிதங்களை அங்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

புறப்படும்போது, உங்களிடம் சொல்லவில்லையா என்று நான் கேட்டதற்கு, "அவங்களுக்கு வேலை இருக்கு" என்றார்கள்.

கிழவி நன்றாகத் தூங்கினாள். அவள் இங்கே வந்ததிலிருந்து இப்படித் தூங்கியதில்லை.

இப்படிக்கு,
சமையல்காரன்


ஏப்ரல் 14

அன்புள்ள கரடிக்கு,

உன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். வசந்தத்தில் வருவேன் என்று சொல்லியிருந்தேனல்லவா, வந்துவிட்டேன். வாக்குத் தவறுகிற வழக்கம் எனக்கில்லை. நீ நலமா? உண்மையைச் சொல்.

வண்டி மேலே ஏறும்போது முழங்கால் ஒரு முறைகூட முனகவில்லை. அதை நான் மன்னிப்பதாக இல்லை.

சமையல்காரர் சாவி கொடுத்தார். புதிய மருத்துவர் அடுத்த மாதம்தான் வருகிறாராம். சமையலறையில் உன் அலமாரிகள் காலி. இரண்டாவது அறையை மட்டும் யாரும் தொடவில்லை. உயரக் கட்டில், அதன்மேல் தூசி படியாமல் விரிப்பு. நான் எழுதியபடி நீ விரித்தது. தலைமாட்டில் நாற்காலி. ஜன்னலைத் திறந்தேன். பாறை நிறைய என் ஆட்கள். நீ பெருமைப்பட்டுக்கொண்டது போதாது. அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலைத் தரையில் ஊன்றி, மடக்காமல், உயரம் மிகச் சரியாக இருக்கிறது. யார் முழங்காலை வைத்து அளந்தாய்?

சமையல்காரர் என்னைக் கிழவியின் கூடத்துக்கு அழைத்துப்போனார். வெளியே வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள், பிறை மட்டும் வெள்ளையாக அப்படியே இருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பின்னால் யாரோ வருவதுபோல் என் தோளுக்கு அப்பால் பார்த்தாள். "டாக்டரம்மாவைத் தேடுதுங்க" என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார்: "அக்டோபர்ல இருந்து தினமும் வண்டி வர்ற நேரத்துக்கு வாசல் கேட் பக்கம் போய் நிப்பாங்க. சத்தம் கேக்காதில்ல, அதனால சீக்கிரமே போய் நிப்பாங்க. பொட்டலம் வந்த அன்னிக்கும் அப்படித்தான் நின்னாங்க. வண்டியில இருந்து அதை மட்டும்தான் இறக்கினாங்க."

நீ எதற்காகப் பாசி கேட்டாய் என்பது எனக்குப் புரியவில்லை என்று இங்கே எழுதலாம். நீ நம்ப மாட்டாய். ஆகவே எழுதவில்லை.

குகை இப்போது காலியாக இருப்பதால் கழுவப்போவதாகச் சொன்னார்கள். பொறுக்கச் சொல்லிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பாசியை நசுக்கி, கிழித்து, நடுவில் கிண்ணம்போல் பள்ளமாக்கி வைத்திருக்கிறாள். வாசலோரம் ஈரம் படும் இடத்தில் ஒரு கிழிந்த துணுக்கு பழைய படியின் முதுகிலிருந்து புதுப்படி எடுத்திருக்கிறது. நகம் அளவு. உன் அண்ணன் பார்த்திருந்தால் உடனே அதற்கொரு குழாய் இழுத்திருப்பார். நான் எடுக்கவில்லை. கழுவட்டும் என்று வந்துவிட்டேன். அரைமணி கழித்துத் திரும்பப் போய் எடுத்தேன்.

சுவரில் ஒரு வரி தவறு. இயக்குநருக்கு எழுதப்போகிறேன், பெரிய எழுத்தில் இருப்பதால் மாற்ற முடியாது என்பார். பாசிக்குக் காத்திருக்கத் தெரியும் என்று எழுதினேனே. காத்திருப்பதென்றால், வரவேண்டியது இன்னதென்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தினமும் சிறிது செலவாக வேண்டும். பாசி சும்மா நின்றிருக்கிறது, அவ்வளவுதான். காத்திருந்தது கரடி.

உன் விடுதியில் இரண்டாவது அறை இருக்கிறதா? எனக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கிறது. வேண்டாத பேச்செல்லாம் கேட்கிறது.

பதில் போடு. வெயிலில் அலையாதே.

உன் அண்ணி


மே 8

பிரியமுள்ள அண்ணிக்கு,

வணக்கம். சுகமாக இருக்கிறேன். உண்மையைத்தான் சொல்கிறேன். சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, மணி அடிப்பது எனக்குக் கேட்காதென்று ஒரு பெண் வந்து தோளைத் தொட்டு அழைத்துப்போகிறாள். நாய்க்குப் பழக்கச் சொன்னீர்களே, அதே முறைதான்.

கிழவி இளைத்திருப்பது சரியான அளவுதான். கவலை வேண்டாம். அடுத்த குளிருக்குப் பழைய படுக்கையை அவளுக்குப் போடக் கூடாது என்று சமையல்காரரிடம் சொல்லுங்கள். காட்டில் பெரும்பாலான கரடிகள் போன வருடத்துக் குகைக்குத் திரும்புவதில்லை. உங்கள் பாசி பழைய படியின்மேலேயே அடுத்த படியை எடுக்கிறது. ஒப்பீட்டில் இதை நாம் இருவருமே எழுத விட்டுவிட்டோம்.

கட்டிலின் உயரம் அண்ணனுடைய முக்காலி உயரம். நீங்கள் அதில் உட்கார்ந்து பாசி பார்ப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது அறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே எல்லாமே ஒற்றை அறைதான், அண்ணி. கட்டிலைச் சுவரோடு சேர்த்துத் திருகியிருக்கிறார்கள். பக்கத்து அறை காலியானால் சொல்லும்படி கேட்டேன். எனக்கு முன்னால் கேட்டவர்கள் பலர் இருக்கிறார்களாம்.

பார்க்க வருகிறவர்கள் மாலையில் கீழே கூடத்தில் உட்காரலாம். வந்தால் விளக்கு வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி உட்காருங்கள். இப்போது உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் படிக்கிறேன். நீங்கள் பேசினால் எளிதாகத்தான் இருக்கும், நீங்கள் ஒரு வார்த்தையையும் விழுங்குகிறவர் இல்லையே.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கீழே இறங்கும்போது வலித்ததா?

வரும்போது பாசி ஒன்றும் கொண்டுவர வேண்டாம். இங்கே வெயில் அதிகம்.

கரடி